மூன்று பீடங்களுக்குள் அடங்குமா ஒரு சமூகம்?

ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் புலம்பெயர் தமிழ்ப் பத்திரிகைகளின் உட்பக்கங்களை வாழ்த்து விளம்பரங்கள் நிறைத்துவிடுகின்றன. மேற்சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்த பிள்ளையின் படம். அதன் கீழே, மருத்துவத் துறைக்குத் தெரிவாகியிருக்கும் இன்னாரை அம்மப்பா, அம்மம்மா, பெரியப்பா குடும்பத்தினர், கனடா வாழ் மாமா குடும்பத்தினர் வாழ்த்துகின்றனர் என்ற வாசகம். மருத்துவம் இல்லையேல் பொறியியல். அதுவும் இல்லையேல் சட்டம், கணக்கியல், அண்மைக் காலமாகக் கணினி. அவ்வளவுதான். தாவரவியலுக்கோ, மொழியியலுக்கோ, தொல்லியலுக்கோ தெரிவான ஒரு பிள்ளைக்கு மாமா குடும்பத்தினர் விளம்பரம் கொடுத்ததை இக்கட்டுரையாளன் இதுவரை கண்டதில்லை. அத்தகைய பிள்ளைகள் எம்மிடையே இல்லாமலில்லை. அவர்களுடைய வீடுகளில் அந்தச் செய்தி சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்லப்படுகிறது.

வாசகர் ஒருவர் அண்மையில் எழுதியிருந்தார். அவருடைய மகள் உயிரியலில் முதுமாணிப் படிப்பை முடித்துவிட்டாள். இனிச் சதுப்பு நிலங்களில் வளரும் பாசியைப் பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராயப் போகிறாளாம். மருந்தாளர் படிப்புக்கு மாறு என்று தாயும் தகப்பனும் மன்றாடுகிறார்கள். “உந்த நாட்டுக்காரருக்கு இது சரி. இருபது வருஷம் இரவு வேலை செய்து கடன் கட்டிய எங்களுக்கு இது கட்டுபடியாகுமா?” என்று கேட்டிருக்கிறார்.

அந்தக் கேள்வியை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை. முகவருக்குக் கொடுத்த பணத்தையும், அதற்காக ஈடு வைத்த காணியையும், வதிவிட அனுமதிக்காகக் காத்திருந்த ஆண்டுகளையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒரு தகப்பன் இதைக் கேட்கிறார். ஆயினும் அந்தக் கேள்விக்குள் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது. பலவகைப்பட்ட, ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆராய்ச்சிகளெல்லாம் நிலைபெற்ற நாட்டினரின் ஆடம்பரம். அகதிக்கு உடனே சோறு போடும் படிப்பே படிப்பு என்பதே அது. அகதிகளின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் இது பொருந்தவில்லை. பார்க்க வேண்டிய இடங்களில் முதன்மையானது, சற்றும் எதிர்பாராத ஓரிடம்: 1933ஆம் ஆண்டின் துருக்கி.

அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் திகதி ஹிட்லரின் அரசு ஒரு சட்டத்தை இயற்றியது. அரச சேவையைச் சீர்செய்யும் சட்டம் என்பது அதன் வெளித்தோற்றம். யூதர்களையும் அரசியல் எதிரிகளையும் பதவியிலிருந்து விலக்குவது அதன் வேலை. யேர்மனியில் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அரச ஊழியர்களாதலால், சில மாதங்களுக்குள் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் வீதிக்கு வந்தனர். பிராங்பேர்ட்டில் நோயியல் பேராசிரியராக இருந்த பிலிப் சுவார்ட்ஸ் சுவிற்சர்லாந்துக்குத் தப்பிச் சென்று, விலக்கப்பட்ட அறிஞர்களுக்கு இடம் தேடிக் கொடுக்கும் சங்கம் ஒன்றைச் சூரிச் நகரில் அமைத்தார். அதே வேளையில், பத்து வயதேயான துருக்கிக் குடியரசு, தாருல்பனூன் என்ற தனது பழைய உயர்கல்விக் கூடத்தை மூடிவிட்டுப் புதிய பல்கலைக்கழகம் ஒன்றை எழுப்ப முனைந்திருந்தது. ஜெனீவாப் பேராசிரியர் அல்பேர்ட் மால்ஷ் அதற்கான அறிக்கையை முன்னரே எழுதிக் கொடுத்திருந்தார். யூலை 6ஆம் திகதி அங்காராவில் கல்வி அமைச்சர் ரெசித் காலிப்பைச் சுவார்ட்ஸ் சந்தித்தார். இந்தத் துறைக்கு யார், அந்தத் துறைக்கு யார் என்று அமைச்சர் தரப்புக் கேட்க, அவர் தம்மிடமிருந்த பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ஏறத்தாழ 30 பேராசிரியர்கள் ஒரே அமர்வில் தீர்மானிக்கப்பட்டனர். ஓகஸ்ட் 1ஆம் திகதி இஸ்தான்புல் பல்கலைக்கழகம் பிறந்தது.

இதில் துருக்கியின் கருணையை மட்டும் கண்டு நெக்குருக வேண்டியதில்லை. பழைய கூடத்தின் ஆசிரியர்களில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் அந்தச் சீர்திருத்தத்தில் வேலை இழந்தார்கள். வந்தவர்களுக்கான கதிரைகளில் சில அப்படிக் காலியானவை. இதை யேர்மன் அகதிகளைப் புகழும் நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுவதுண்டு. துருக்கிக்குத் தேவை இருந்தது, அறிஞர்களுக்குப் புகலிடம் வேண்டியிருந்தது; இரண்டும் சந்தித்தன.

ஆனால் எந்தத் துறைகளுக்கு ஆள் எடுத்தார்கள் என்பதே எமது விடயம். நாட்டின் பெரும்பான்மையோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அரபு எழுத்தைக் கைவிட்டு இலத்தீன் எழுத்துக்கு மாறி ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்நிலையில் உள்ள ஏழை நாடு வைத்தியர்களை மட்டும் கேட்டிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். வைத்தியர்களையும் கேட்டது உண்மையே. அறுவைச் சிகிச்சைக்கு ருடோல்ப் நிசன் வந்தார். பல்மருத்துவத்துக்குப் பொன் நகரின் அல்பிரட் கான்டரோவிச், தடுப்பு முகாமிலிருந்து விடுவிக்கப்பட்டு வந்து சேர்ந்தார். அவர்களோடு கூடவே கணிதத்துக்கு ரிச்சார்ட் பொன் மீசஸ், மெய்யியலுக்கு ஹான்ஸ் றைகன்பாக், இரசாயனத்துக்கு பிரிட்ஸ் ஆர்ண்ட், தாவரவியலுக்கு அல்பிரட் ஹைல்புறோன், வானியலுக்கு எர்வின் பிரொயின்ட்லிக், வணிகச் சட்டத்துக்கு எர்ன்ஸ்ட் ஹிர்ஷ் ஆகியோரும் வந்தனர். ஐரோப்பிய இலக்கியத்துக்கு 1936இல் எறிக் அவர்பாக்கும், விலங்கியலுக்கு 1937இல் குர்ட் கொஸ்விக்கும் வந்து சேர்ந்தனர். அங்காராவில் 1936இல் தொடங்கிய மொழி, வரலாறு, புவியியற் பீடம் இதனிலும் ஒருபடி மேலே போயிற்று. ஆப்பெழுத்துக் களிமண் பலகைகளை வாசிப்பதற்கு பென்னோ லான்ட்ஸ்பேர்கர், பண்டைய ஹிட்டைற் மொழிக்கு ஹான்ஸ் குற்றபொக், சீனவியலுக்கு வொல்பிராம் எபர்ஹார்ட், வடமொழிக்கும் இந்தியவியலுக்கும் வால்ரர் றூபன்.

வயலுக்கு நீர் இல்லாத நாட்டுக்குச் சீனவியல் எதற்கு என்று கேட்டவர்கள் அங்கும் இருந்திருப்பார்கள். அமர்த்தியவர்களின் எண்ணம் வேறு. தமது மண்ணுக்கு அடியில் கிடக்கும் பலகைகளைத் தாமே வாசிக்க வேண்டும்; தமது வணிகருக்குரிய சட்டத்தைத் தாமே எழுத வேண்டும்; தமது வாவிகளில் என்ன மீன் இருக்கிறது என்பதைத் தாமே அறிய வேண்டும். ஒப்பந்தத்திலும் அந்த எண்ணம் தெரிந்தது. தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கற்பிக்கலாம்; மூன்று ஆண்டுகளுக்குப் பின் துருக்கிய மொழியிலேயே விரிவுரை நடத்த வேண்டும்; துருக்கிய மொழியில் பாடநூல்கள் எழுத வேண்டும். நாற்பதைத் தாண்டிய வயதில் நோர்வேஜிய மொழி வகுப்பில் குந்தியிருந்தவர்களுக்கு அந்த நிபந்தனையின் பாரம் விளங்கும். எல்லோரும் அதை நிறைவேற்றினார்கள் என்றில்லை. ஹிர்ஷ் நிறைவேற்றினார். துருக்கிய மொழியில் கற்பித்தார், எழுதினார், 1943இல் துருக்கியக் குடியுரிமையும் பெற்றார். அவர் முன்னின்று வரைந்த வணிகச் சட்டக்கோவை 1957 முதல் 2012 வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகள், அந்நாட்டில் நடைமுறையில் இருந்தது.

கொஸ்விக்கின் கதை இன்னும் வியப்புக்குரியது. மீன்தொட்டிக் கடைகளில் அழகுக்காக விற்கும் இரண்டு சிறு மீன்கள் உண்டு: ஒன்று வாள்வால் மீன், மற்றையது பிளாட்டி. இரண்டும் மெக்சிக்கோப் பக்கத்து நன்னீர் மீன்கள். 1920களின் இறுதியில், யேர்மனியில் இளம் ஆய்வாளராக இருந்தபோது, இவற்றைக் கலந்து இனப்பெருக்கம் செய்தால் பிறக்கும் குஞ்சுகளின் தோலில் கரும்புற்று தோன்றுவதை அவர் கண்டார். அதே காலத்தில் அமெரிக்காவில் மைரன் கோர்டனும் அதைக் கண்டார். நிறமும் பரம்பரையும் பற்றிய ஆராய்ச்சி அது; புற்றுநோயைத் தேடி எவரும் மீன்தொட்டிக்குள் பார்க்கவில்லை. பல தலைமுறை மீன்களும் சில தலைமுறை ஆய்வாளர்களும் கடந்தபின், 1989இல், அந்தப் புற்றை உண்டாக்கும் மரபணு இனங்காணப்பட்டது. தோற்புற்றுநோய் எப்படித் தொடங்குகிறது என்பதை ஆராய்வோர் இன்றும் அந்த மீன்களை வளர்க்கிறார்கள். இஸ்தான்புல்லில் கொஸ்விக் மீன்களோடு நின்றுவிடவில்லை. மன்யாஸ் வாவிக்கரையில் நீர்ப்பறவைகள் பெருந்தொகையாகக் கூடு கட்டும் இடத்தை 1938இல் அவரும் மனைவியும் கண்டறிந்தனர். பறவைச் சொர்க்கம் என்று பெயர் பெற்ற அவ்விடம் 1959இல் தேசியப் பூங்காவாயிற்று.

நிசன் இஸ்தான்புல்லில் ஒரு நோயாளியின் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியை அகற்றியபோது, எஞ்சியதை இரைப்பையின் மடிப்பினால் போர்த்தித் தைத்தார். பல ஆண்டுகளின் பின்னர், அந்த நோயாளிக்கு நெஞ்செரிவு வரவில்லை என்பது அவருடைய நினைவுக்கு வந்தது. 1956இல் பாசல் நகரிலிருந்து அவர் வெளியிட்ட அறுவை முறை இன்று உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதே இஸ்தான்புல்லில் அவர்பாக் தேவையான நூல்கள் கிடைக்காத நிலையில் ஓமர் முதல் வேர்ஜீனியா வூல்ப் வரை ஐரோப்பிய இலக்கியம் வாழ்க்கையை எப்படிக் காட்டிற்று என்பதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். 1942இல் தொடங்கி 1945இல் முடித்த ‘மிமேசிஸ்’ என்ற அந்நூல் 1946இல் பேர்ண் நகரில் அச்சாயிற்று. பெரிய நூலகம் ஒன்று அருகில் இருந்திருந்தால் இந்நூலை எழுதியே இருக்கமாட்டேனோ என்ற பொருள்பட அவர் அதன் பின்னுரையில் கூறியிருக்கிறார். அகதி வாழ்வின் குறையே நூலின் வடிவமாயிற்று. இதைச் சொல்வதனால், நூலகம் இல்லாமல் இருப்பது நல்லது என்று எவரும் பொருள்கொள்ள வேண்டாம். நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் நாம்.

மீனும், இரைப்பையும், ஓமரும் ஒன்றோடொன்று எவ்விதத்திலும் தொடர்புடையவையல்ல. மூவரையும் ஒருசேர அழைத்த நாட்டுக்குத்தான் அவை மூன்றும் பொதுவாயின. எந்தப் பெட்டிக்குள் எது இருக்கிறது என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே பெட்டிகள் பலவாக இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் என்ற சொல்லில் ‘பல்’ என்பதை நாம் வாய்க்குள் மென்று விழுங்கிவிடுகிறோம்.

அங்காராவின் களிமண் பலகைகளுக்கு வருவோம். எஸ்கிசெகிரில் பாலர் ஆசிரியையாக இருந்த முவாசேஸ் இல்மியே சிக் என்ற இளம்பெண் 1936இல் அப்புதிய பீடத்தில் சேர்ந்து, லான்ட்ஸ்பேர்கரிடமும் குற்றபொக்கிடமும் படித்தார். 1940இல் பட்டம் பெற்று இஸ்தான்புல் தொல்பொருட் காட்சியகத்துக்குச் சென்றார். அங்கே பல்லாயிரக்கணக்கான ஆப்பெழுத்துப் பலகைகள் பெட்டிகளில் கிடந்தன. சக மாணவி ஹாத்திஜே கிசில்யாயுடனும், மற்றுமோர் அகதியான பிரிட்ஸ் கிறவுசுடனும் சேர்ந்து அவற்றைத் துப்புரவு செய்து, எண்ணிட்டு, வகைப்படுத்தினார். 1972இல் ஓய்வுபெறும்வரை அதுவே அவருடைய தொழில். 2024 நவெம்பரில் 110 வயதில் அவர் காலமானபோது துருக்கி அவரைத் தன் பெருமகளாக வழியனுப்பிற்று. அவருடைய ஆசிரியர்களுக்கு நேர்ந்தது வேறு. 1948இல் வெளிநாட்டுப் பேராசிரியர் சிலரின் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்க அங்காரா மறுத்துவிட்டது. லான்ட்ஸ்பேர்கரும் குற்றபொக்கும் சிக்காகோவுக்குச் சென்றனர், எபர்ஹார்ட் கலிபோர்னியாவுக்கு, றூபன் சிலி நாட்டுக்கும் பின்னர் கிழக்கு பேர்ளினுக்கும். அகதிக்கு இரண்டாம் முறையும் பெட்டி கட்ட நேர்வது புதிதல்லவே.

துருக்கிக்குச் செல்லாதவர்களில் ஒருவரையேனும் இங்கே சொல்லாமல் விட முடியாது. வியன்னாவில் நெசவுத்தொழில் செய்த வசதியான யூதக் குடும்பம் ஒன்று, குடும்பத் தொழிலுக்கு உதவியாகும் என்று மகனைச் சட்டம் படிக்கச் சொல்லிற்று. மகனோ இரசாயனம் படித்தான்; 1936இல் கேம்பிரிட்ஜுக்குச் சென்றான். மக்ஸ் பெருட்ஸ் என்பது பெயர். இரத்தத்தைச் சிவப்பாக்கும் ஈமோகுளோபின் என்ற புரதத்தின் பளிங்கை எக்ஸ்-கதிரால் படம்பிடித்து, அதன் வடிவத்தை அறிவதே அவன் எடுத்துக்கொண்ட வேலை. பல ஆயிரம் அணுக்களைக் கொண்ட அந்த மூலக்கூற்றை எவராலும் விடுவிக்க முடியாது என்பதே அன்றைய பொதுக் கருத்து. 1938இல் ஹிட்லர் ஒஸ்திரியாவை விழுங்கியதும் குடும்பம் அகதியாயிற்று. 1940இல் பிரித்தானியா பெருட்ஸை எதிரி நாட்டவன் என்று கைதுசெய்து கப்பலேற்றிக் கனடாவில் அடைத்து வைத்தது. விடுதலையாகி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இடையில் அல்ப்ஸ் மலையின் பனியாறுகள் எப்படி நகர்கின்றன என்பதையும் ஆராய்ந்தார். மலையேறுவதில் அவருக்கிருந்த மோகமும் அதற்கொரு காரணம். ஈமோகுளோபினின் வடிவம் 1959இல் புலப்பட்டது. தொடங்கியது 1937; இருபத்திரண்டு ஆண்டுகள். 1962இல் நோபல் பரிசு. அந்த ஆய்வுகூடத்திலேயே, யேர்மனியிலிருந்து சிறுவனாகத் தப்பிவந்த வேர்ணன் இங்ராம், அரிவாள் உருச் செல் நோயாளியின் ஈமோகுளோபினில் ஒரேயொரு அமினோ அமிலமே மாறியிருக்கிறது என்பதை 1956, 1957ஆம் ஆண்டுகளில் நிறுவினார். பெருட்ஸின் தகப்பனார் எமது வாசகரைப் போல எழுதியிருந்தால், அந்தக் கடிதத்துக்கு 1937இல் பதில் சொல்ல எவராலும் முடிந்திராது.

இனி எம்மவரிடம் வருவோம். மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு சொற்களும் எமது நாவில் இத்தனை இனிப்பாக ஒட்டிக்கொண்டதற்கு ஒரு வரலாறு உண்டு. தொழில்நிலமில்லாத குடாநாட்டில் படிப்பே விளைநிலம் என்பது அதன் ஒரு பாதி. மறுபாதி, தரப்படுத்தல். 1971ஆம் ஆண்டு அனுமதியின்போது மருத்துவ பீடத்துக்குத் தமிழ் மாணவர் 400க்கு 250 புள்ளிகள் பெற வேண்டியிருக்க, சிங்கள மாணவருக்கு 229 போதுமாயிருந்தது. பின்னர் மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. அடைக்கப்பட்ட கதவுகள் மருத்துவமும் பொறியியலும் என்பதால், அந்தக் கதவுகளே கல்வி என்றாயிற்று. திறந்தே கிடந்த மற்றைய கதவுகளை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அநீதியின் நினைவை, அது செல்லுபடியாகாத நாடுகளிலும் நாம் காவித் திரிகிறோம். ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் பிறந்த பிள்ளை, தான் ஒருபோதும் கண்டிராத ஒரு வெட்டுப்புள்ளியைத் தாண்டுவதற்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

எமது முன்னோர் இவ்வளவு குறுகியவர்களாக இருக்கவில்லை. விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. தமிழ்ப் பேராசிரியராக இருந்த அவர், மறைந்துபோன யாழ் என்ற இசைக் கருவியை மீட்டெடுப்பதற்குக் கணக்கையும் பௌதிகத்தையும் பழந்தமிழ் இலக்கியத்தையும் ஒருங்கே பயன்படுத்தினார். யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. அவரைப் பொறியியலாளராக்கவில்லையே என்று எவரும் இன்று வருந்துவதில்லை.

1983 யூலைக்குப் பின், ஏன் இவ்வாறு நடந்தது என்று வெளியுலகம் கேட்டது. அப்போது உலகின் புலமைசார் மொழியில் பதில் எழுதியவர்களுள் ஒருவர் ஸ்ரான்லி ஜெயராஜா தம்பையா, மற்றொருவர் ஏ. ஜே. வில்சன். முன்னவர் மானிடவியலாளர். தாய்லாந்துக் கிராமங்களின் பௌத்தச் சடங்குகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். யாழ்ப்பாணத்து ஒழுங்கையொன்றில் நின்று, ‘உந்தப் பெடியன் சீயத்துப் பிக்குமாரைப் பற்றிப் படிக்கிறான்’ என்று சொன்னால் எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்! ஆனால் பௌத்தமும் அரசும் எவ்விதம் பிணைகின்றன என்பதை அந்தப் படிப்பிலேயே அவர் அறிந்துகொண்டிருந்தார். ஆகையினாலேயே 1986இல் அவர் இலங்கையின் இன அழிவுப் போக்கைப் பற்றி எழுதிய நூலை எவராலும் ஒரு தரப்பின் துண்டுப்பிரசுரம் என்று ஒதுக்க முடியவில்லை. எமது சமூகம் நூற்றுக்கணக்கான சிறந்த வைத்தியர்களை உலகுக்குத் தந்திருக்கிறது; அவர்களை நாம் மதிக்கிறோம். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதும் கடமை அவர்களுடையதாக இருக்கவில்லை.

அண்மைக் காலத்து உதாரணம் வேண்டுமாயின், சுன்னாகத்துக் கிணறுகளை நினைத்துப் பாருங்கள். குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. மழைநீர் சுண்ணக்கல்லின் ஊடாக இறங்கி, கடல்நீரின் மேல் நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. கிணற்றில் நாம் அள்ளுவது அதைத்தான். 2014, 2015ஆம் ஆண்டுகளில் அந்தப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்று மக்கள் வீதிக்கு இறங்கினர். அந்த ஒரு வாளித் தண்ணீரைச் சுற்றி எத்தனை துறைகள் வந்து நின்றன! எண்ணெய் எங்கிருந்து எத்திசையில் பரவுகிறது என்பதற்கு நிலவியலாளர் வேண்டும். என்ன எண்ணெய், எவ்வளவு என்பதற்குப் பகுப்பாய்வு இரசாயனவியலாளர். குடித்தவரின் உடல்நிலைக்கு வைத்தியர். பொறுப்பாளியைக் கண்டறியச் சட்டவாளர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று 2019இல் தீர்க்கப்பட்டது. எந்தக் கிணறு எப்போதிருந்து பாவனையில் உள்ளது என்பதற்கு ஊரின் வரலாற்றை எழுதி வைத்தவர். இவர்களில் வைத்தியரையும் சட்டவாளரையும் எம்மால் உடனே பெயர் சொல்லி அழைக்க முடிந்தது. புலம்பெயர்ந்த தமிழர்களிடையே சுண்ணக்கல் நீரியல் படித்த எத்தனை பேரை உங்களால் பெயர் சொல்ல முடியும்? பணம் சேர்த்து அனுப்ப நாம் என்றும் பின்நின்றதில்லை. சேர்த்த பணத்தால் இருபது ஆண்டுகாலப் படிப்பை ஒரே கிழமையில் வாங்க முடியாது.

சதுப்பு நிலப் பாசியையும் இந்த வரிசையிலேயே வைக்க வேண்டும். நீரை உறிஞ்சும் அதன் இயல்பினால், முதலாம் உலகப்போரில் பிரித்தானிய மருத்துவமனைகள் அதை உலர்த்திக் காயங்களுக்குக் கட்டின. அதைவிடப் பெரியது மற்றொன்று. உலகின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கேயான சதுப்பு நிலங்கள், உலகக் காடுகளின் மரங்கள் அனைத்திலும் உள்ளதைவிடக் கூடிய கரியைத் தம்முள் அடக்கி வைத்திருக்கின்றன. அந்த நிலங்கள் வரண்டால் அக்கரி காற்றில் கலக்கும். கடல் உயர்ந்தால் குடாநாட்டு நன்னீர்ப் படலத்துக்கு என்ன நேரும் என்பதை மேலே சொன்னதிலிருந்து வாசகரே ஊகிக்கலாம். பாசியைப் படிக்கும் மகள் நாளைக்கே யாழ்ப்பாணத்தைக் காப்பாற்றுவாள் என்று கூறவில்லை. அப்படிக் கூறுவது ரியூசன் விளம்பரம் போலாகிவிடும்.

ஒரு காலத்தில் விரிவுரையாளனாக இருந்தவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பதவி உயர்வுக்காக எழுதப்பட்டு, எழுதியவரும் பரிசோதித்தவரும் மட்டுமே வாசித்த ஆய்வுகள் எல்லா நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் அடுக்கடுக்காக உண்டு. கலாநிதிப் பட்டம் பெற்றவர்களுக்கெல்லாம் நிரந்தரப் பதவி கிடைப்பதுமில்லை. யேர்மனியில் பட்டத்துக்கு முன்னர் 6 ஆண்டுகள், பின்னர் 6 ஆண்டுகள் என்ற வரம்புக்குள் தற்காலிக ஒப்பந்தங்களில் காலம் ஓடுகிறது. அதன்பின் வேறு தொழில் தேடுவோர் பலர். பெற்றாரின் அச்சம் வெறும் கற்பனையன்று. ஆனால் அச்சத்தோடு சேர்ந்து வரும் ஒரு தகவற் பிழையைத் திருத்தலாம். ஆராய்ச்சி என்றால் இன்னும் நான்கு ஆண்டுகள் தாங்கள் பணம் கட்ட வேண்டும் என்றே எம்மவரில் பலர் எண்ணுகின்றனர். நோர்வே, சுவீடன், டென்மார்க், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் கலாநிதிப் பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் சம்பளம் பெறும் ஊழியர். அந்த இடங்கள் ஏனைய வேலைகளைப் போலவே பகிரங்கமாக விளம்பரப்படுத்தப்படுகின்றன; விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வுக்குச் சென்று பெற வேண்டும். நோர்வேயில் தனி ஆய்வுக்கு மூன்று ஆண்டு. கற்பித்தலும் சேர்ந்தால் வழக்கமாக நான்கு.

வதிவிட அனுமதி கிடைக்காதவர்களின் நிலை கடினமானது. பிரித்தானியாவில் புகலிடம் கோரியோரிடம் பொதுவாக வெளிநாட்டு மாணவருக்குரிய கட்டணமே கேட்கப்படுகிறது. ஆயினும் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பல, அவர்களுக்கென்றே புலமைப்பரிசில்கள் வைத்திருக்கின்றன. ஊரில் கற்பித்துவிட்டு இங்கே கோப்பை கழுவும் ஆசிரியர்களும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். யேர்மனியின் ஹும்போல்ட் நிறுவனம், ஆபத்துக்குள்ளான ஆய்வாளர்களுக்கென 2015இல் ஓர் உதவித் திட்டத்தைத் தொடங்கிற்று. பிலிப் சுவார்ட்ஸின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 2016ஆம் ஆண்டு யூலைக்குப் பின் துருக்கியில் பதவி பறிக்கப்பட்ட பல ஆசிரியர்கள் அந்தத் திட்டத்தின் மூலம் யேர்மனிக்கு வந்தனர். சுவார்ட்ஸ் சென்ற பாதையில், எதிர்த்திசையில்.

எமது வாசகருக்குச் சொல்லக்கூடியது இதுதான். பாசியா மருந்தா என்று மகளோடு வாதாடுவதை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, அவளோடு சேர்ந்து விளம்பரத்தை வாசியுங்கள். மேற்பார்வையாளர் யார், அவரிடம் முன்னர் ஆராய்ந்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், எத்தனை ஆண்டுகளுக்குச் சம்பளம் உறுதி, பிள்ளைப்பேற்று விடுப்பு எடுத்தால் ஒப்பந்தம் நீடிக்கப்படுமா, இடையில் நிறுத்தினால் என்ன என்ற ஐந்தையும் அவள் எழுத்தில் கேட்கட்டும். பல்கலைக்கழகங்கள் பதில் எழுதுவதுண்டு.